சொந்தக் குலையை ஏலம் கேட்கிறவர்கள்

மக்கா,

பாறசாலை மின்சார ஆபீஸில் என் கவுண்டருக்கு முன்னால் கொஞ்ச நாளாக வரிசை நீண்டுகொண்டே போகிறது. கரண்ட் பில் கட்டுவதில் நம் ஆட்களுக்கு இத்தனை அக்கறை என்றைக்கும் இருந்ததில்லை. ஃபியூஸைப் பிடுங்க லைன்மேன் வாசலில் வந்து நிற்கும்வரை காத்திருக்கிறவர்கள்தான் பாதிப்பேர். இப்போது பில்லையும் பணத்தையும் நீட்டிவிட்டு, கம்பி வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, ஒங்க மோளு வேலை பாக்குத தங்கக் கம்பெனியில அவளே ஷேரு எடுக்கியாளாமே, உள்ளதா?" கொல்லயில் ஊரிலிருந்து வருகிற ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். "உள்ளதுண்ணா எனக்கும் ஒரு வார்த்த சொல்லணும், கேட்டியளா. எனக்க மாப்பிளைக்குத் தெரியாம கொஞ்சம் பைசா உண்டு." நான் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

இது எப்படிப் பரவியது என்று நீ யோசிக்கவே வேண்டாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷேர் எடுக்கப் போவதாக நீ போனில் அப்பாவிடம் சொன்னாய். எஸ்டிடி பூத்திலிருந்து இறங்கியவர் நேராகச் சபை ஆலய முற்றத்துக்குப் போய் நின்றார். "உள்ள இருக்கப்பட்டவளே பைசா போடுதாண்ணா, அதுல வல்லதும் இருக்கும் இல்லியா?" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மகள் ஜியாலஜி படித்தாள், தங்கம் தேடுகிற கம்பெனியில் கர்நாடகத்துக்காரர்களுக்குச் சமமாக நின்று வேலை செய்கிறாள் என்ற பெருமை அவருக்கு. எனக்கும் உண்டு. நம் பக்கத்துப் பெண்கள் நர்ஸாக, டீச்சராகப் போனார்கள்; நீ தொப்பியை மாட்டிக்கொண்டு பாறையைத் துளைக்கிற இடத்தில் நிற்கிறாய். அந்தப் போட்டோவை ஆபீஸில் காட்டாத ஆள் இல்லை. ஆனால் நீ போடப் போவது கல்யாணத்துக்கு நகை வாங்க நாங்கள் சேர்த்துவைத்த பணம் என்றும் அப்பா சொன்னார். கையில் வாங்கக்கூடிய தங்கத்தை விட்டுவிட்டு, மண்ணுக்குள் இருந்தாலும் இருக்கலாம் என்கிற தங்கத்தை வாங்கப் போகிறாய். உன் பணம் மட்டும் என்றால் இரண்டு வரியில் எழுதி முடித்திருப்பேன். உன் பின்னால் ஒரு சபையே பணத்தோடு நிற்கிறது. அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததில் நல்லதைக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போடுவார்கள். உன் அப்பா வருஷம் தவறாமல் ஏத்தன் வாழைக்குலை கொண்டுபோவார். அன்றெல்லாம் வருஷம் தவறாமல் அதை அவரே ஏலம் கேட்பார். யாராவது ஒரு விலை சொல்லிவிட்டால் அது தன் குலைக்கு வந்த அவமானம். உடனே மேலே ஏறுவார். ஏலம் போடுகிறவருக்கும் அவர் குணம் தெரியும், வேண்டுமென்றே இழுப்பார். உதியன்குளங்கரைச் சந்தையில் மூன்று குலை வாங்குகிற பணத்தைக் கொடுத்து, தன் குலையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது கேட்டாய், "அப்பா, நம்ம குலைய நாம எதுக்கு வாங்கணும்?" என்று. "கர்த்தருக்குக் குடுத்தது மக்கா, சில்லற வெலைக்கு விட்டுர ஒக்குமா?" என்றார். அவர் ஒருவர் மட்டுமல்ல, பலாப்பழம் கொடுத்தவர், சேவல் கொடுத்தவர், எல்லோரும் இப்படித்தான். அந்த விலையில் பக்தி உண்டு, வீம்பு உண்டு, பழத்தின் விலை கொஞ்சம்போல உண்டு. மறுநாள் சந்தையில் அந்த விலைக்கு ஒரு குலையைக் கேட்டு யாரும் போய் நிற்க மாட்டார்கள். இது சபையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஷேர் என்று வந்தபோது மட்டும் எல்லோரும் ஒன்றாக மறந்தோம்.

நீ ஹாஸ்டலில் இருந்த அந்த வருஷங்களில் நடந்ததை முழுதாக உன்னிடம் சொன்னதில்லை. கிழக்கே மலையடிவாரத்தில் கருங்கல்லை வெட்டி, மெருகேற்றி, வெளிநாட்டுக்கு அனுப்பப் போவதாக ஒரு கம்பெனி வந்தது. ஷேர் விண்ணப்பத் தாள்கள் பெட்டிக்கடையில்கூடக் கிடைத்த காலம் அது. அப்பா அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தார். ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய பங்கைச் சம்பளத்திலிருந்து வாங்கினார். அதோடு நின்றிருக்கலாம். முதலாளியே தன் கம்பெனிப் பங்கைச் சந்தையில் வாங்கிச் சேர்க்கிறார், அவருடைய மச்சினனும் வாங்குகிறார் என்று ஒரு நாள் சேதி வந்தது. "முதலாளிக்குத் தெரியாததா?" என்று அப்பா இன்னும் வாங்கினார். அப்பா வாங்கியதைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கத்து ராஜய்யன் மாமா வாங்கினார். வீட்டுக் கூரைக்கு வார்ப்பு போட வைத்திருந்த பணம் அது. "பாறையத் தட்டுனா அதுக்க சத்தத்த வெச்சு நல்லதா கெட்டதாண்ணு சொல்லப்பட்ட ஆளாக்கும் அண்ணன். அண்ணன் எடுத்தா நானும் எடுப்பேன்." இப்படி அப்பாவின் பின்னால் மாமா, மாமாவின் பின்னால் இன்னும் பலர்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் சோறு பரிமாறும்போது நான் கேட்டேன். கல் அறுக்கிற மெஷின் எல்லாம் வரப்போகிறது என்கிறீர்களே, அது எந்தக் கரண்டில் ஓடும் என்று. அத்தனை பெரிய மெஷினுக்கு ஹைடென்ஷன் லைன் இழுக்க வேண்டும். அதற்கான மனு எங்கள் ஆபீஸைத் தாண்டாமல் மேலே போகாது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்படி ஒரு மனு வரவே இல்லை. அப்பா சிரித்தார். "நீ ஒனக்க பில்லப் பாருடி. ஜெனரேட்டர் வரும்." நான் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரைக் கண்டால் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொன்ன காலம் அது. சூப்பர்வைசர் பெஞ்சாதி என்று எனக்கும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அந்த சுகத்தில் வாயை மூடிக்கொண்டேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பாறை மேலே மணிபோல ஒலித்தது உண்மைதான். அப்பாவின் காது பொய் சொல்லவில்லை. கீழே போகப்போக மயிரிழை விரிசல்கள் வந்தன. வெளிநாட்டுக்காரன் கேட்டது கட்டில் அளவுக்கு ஒரே கல். கிடைத்தது அம்மிக்கு ஆகிற துண்டுகள். கையிலிருந்த பணம் தீர்ந்ததும் கம்பெனி புதிதாகப் பங்குகளை அச்சடித்து, தெரிந்தவர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. ஏற்கெனவே வாங்கினவர்களின் பங்கு கஞ்சியில் தண்ணீர் ஊற்றின மாதிரி ஆயிற்று. முதலாளி ஏன் சந்தையில் வாங்கினார் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தன் பங்குகளை வேறொருவரிடம் அடகு வைத்து அவர் கடன் வாங்கியிருந்தார். விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் கழுத்தைப் பிடிப்பார். அதனால் விலையைத் தாங்கிப் பிடிக்க வாங்கினார். நாங்கள் அதை நம்பிக்கை என்று படித்தோம். மற்றவர்கள் விற்கலாம் என்று போனபோது வாங்க ஆளே இல்லை. விலை குறைந்தால்கூட ஒரு விலைக்குப் போகும் என்று நினைப்போம் இல்லையா, இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளில் அந்தக் கதவும் அடைந்துவிடும்.

அப்பா சபைக்குப் போகிற வழியை மாற்றினார். ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார். குலை யாருக்கு, என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்கவும் மாட்டார். நீ லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு முட்டு வலி என்று நான் சொன்னது இதைத்தான். ராஜய்யன் மாமா ஒரு நாள் வேலி ஓரம் வந்து நின்றார். நான் அடுக்களைக் கதவைப் பாதி சாத்திவிட்டுக் காது கொடுத்தேன். "அண்ணன் என்னய ஏமாத்தல்ல. பாறை நம்ம ரண்டுபேரயும் ஏமாத்திப்போட்டு, அவ்வளவாக்கும். வாங்க, தோட்டத்துல ஒரு வாழை சாயப்போவுது, ஒரு கை பிடிங்க." அப்பா போனார். அன்றைக்கு அவர் திரும்பி வந்து சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மாமாவின் வார்ப்பு போன வருஷம்தான் முடிந்தது, ரப்பர் விலை ஏறினபோது. பால் காய்ச்சுக்கு அப்பாவைத்தான் முதலில் கூப்பிட்டார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் டைரக்டர்கள் சொந்தப் பணத்தில் பங்கு வாங்குகிறார்கள், அது நல்ல அறிகுறி என்று அப்பாவிடம் சொன்னாயாம். நல்ல அறிகுறிதான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிறவன் விற்றால் பையனைப் படிக்க வைக்க விற்பான், வீடு கட்ட விற்பான், பல காரணம் இருக்கும். வாங்குவதற்கு அத்தனை காரணங்கள் இல்லை. ஆனால் ஒரு காரணம் மட்டும்தான் உண்டு என்று நினைத்துவிடாதே. அவர்கள் நம்மைப்போலச் சந்தையில் வரிசையில் நின்று அன்றைய விலைக்கு வாங்கினார்களா, இல்லை கம்பெனியே அவர்களுக்குச் சலுகை விலையில் ஒதுக்கிக் கொடுத்ததா என்று பார். சலுகை விலையில் வாங்கினவருக்கு விலை பாதியாக இறங்கினாலும் தூக்கம் கெடாது. வாங்கினவர் ஒருவரா, ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாத பலபேரா என்று பார். முதலாளியும் மச்சினனும் வாங்கினால் அது ஒரு வீட்டுப் பணம். மாதச் சம்பளக்காரன், உன் துளைபோடும் மெஷினை ஓட்டுகிறவன், தன் சம்பளத்தை எடுத்துப் போட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு. அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பங்கு அடகில் இருக்கிறதா என்று விசாரி. இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒன்றை மறக்காதே. உன் அப்பா சம்பளத்தில் வாங்கினார், சந்தை விலைக்கு வாங்கினார், விற்காமல் கடைசிவரை வைத்திருந்தார். அவரைவிட யோக்கியமான உள்ளாள் எந்தக் கம்பெனியிலும் கிடைக்க மாட்டார். அவர் வாங்கியது அவருடைய மனசைக் காட்டியது. பாறையின் உள்ளே இருப்பதைக் காட்டவில்லை.

அதனால் ஆளைப் பார்ப்பதோடு இடத்தையும் பார். இதை என் கவுண்டரில் உட்கார்ந்து கற்றேன். ரோடு வந்திருக்கிறதா, தண்ணீருக்கு என்ன வழி, கரண்டுக்கு மனு கொடுத்தார்களா, அரசாங்கத்தின் அனுமதி கையில் இருக்கிறதா, இல்லை வந்துகொண்டே இருக்கிறதா. கையிலிருக்கும் பணம் எத்தனை மாதச் செலவுக்கு ஓடும், அதற்குள் துளைகள் எல்லாம் போட்டு முடியுமா. பணம் முதலில் தீர்ந்தால் மறுபடி பங்கு அச்சடிப்பார்கள், உன் கஞ்சியிலும் தண்ணீர் விழும். தங்கம் கிடைத்தாலும் அது வெட்டி எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகிற அளவு இருக்கிறதா. இதையெல்லாம் என்னைவிட நீ நன்றாகப் படித்திருக்கிறாய். படித்ததை ஆசை வந்த நேரத்தில் எடுத்து வைத்துப் பார்க்கத்தான் ஒரு அம்மா தேவைப்படுகிறாள்.

இன்னொன்று. நீ வெளியே நிற்கிற ஆள் இல்லை. துளையிலிருந்து வருகிற கல்லை ஊருக்கு முன்னால் பார்ப்பது உன் கண். வெளியே அறிவிக்காத சேதியை வைத்துக்கொண்டு பங்கு வாங்குவது சட்டப்படி குற்றம் என்று போன லீவில் நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அப்போது எனக்கு அது பட்டணத்துக்காரர்களுக்கான சட்டம் என்று தோன்றியது. இப்போது கவுண்டருக்கு முன்னால் நிற்கிற முகங்களைப் பார்க்கும்போது புரிகிறது. நீ வாங்கினால் அவர்கள் உன் படிப்பை நம்பி வாங்குவார்கள். உனக்குத் தெரிந்ததை நீ சொல்லவும் கூடாது, அவர்கள் நஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. அப்படி ஒரு இடத்தில் உன் அப்பா மாட்டிக்கொண்டு பட்டது போதும்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நீ நம்புகிற வேலையில் உன் பணம் கொஞ்சம் இருக்கட்டும். கம்பெனி துளைகளின் முடிவை எல்லோருக்கும் அறிவிக்கட்டும், நீ உன் ஆபீஸில் முறைப்படி சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வாங்கு. உன் சம்பளத்திலிருந்து வாங்கு. முழுதும் போனாலும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் சிரிக்க முடிகிற அளவுக்கு மட்டும். நகைப் பணத்தைத் தொடாதே. அது நகையாகத்தான் ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதமும் இல்லை. நீ மேலே படிக்கலாம், உனக்கென்று நாலு சென்ட் நிலம் வாங்கலாம். ஒரு பாறை கைவிட்டால் எழுந்து நிற்க ஒரு தரை வேண்டும். உன் அப்பாவுக்கு அன்றைக்கு என் சம்பளம் இருந்தது. உனக்கு இந்தப் பணம் இருக்கட்டும்.

கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அறுப்பின் பண்டிகை. மகள் சேதி வந்த உற்சாகத்தில் அப்பா இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஏலத்துக்கு நிற்பேன் என்றார். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னேன், "ஒங்க குலைக்கு வெலை ஏத்துத மாதிரி மோளுக்க கம்பெனிக்கும் முற்றத்துல நிண்ணு வெலை ஏத்திப்போட்டிய. ராஜய்யன மறந்தாச்சா?" அவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் கேட்டவர்களிடம் எல்லாம் போய், "மோளு ஆசையில சொன்னதாக்கும், அவளுக்கே இன்னும் தெரியாது. யாரும் பைசா எடுக்காதுங்க" என்று ஒவ்வொருவராகச் சொன்னார். அது அவருக்கு எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அவர் குலை ஏலத்துக்கு வந்தது. ஏலம் போடுகிறவர் பழைய பழக்கத்தில் அப்பாவைப் பார்த்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆலயத்தின் கூரையைப் பார்த்தார். வேறு ஒருவரும் விலை கேட்கவில்லை. அவர் முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது ராஜய்யன் மாமா முன்னால் வந்தார். குலையைத் தூக்கிக் கனம் பார்த்தார், கவிழ்த்து அடிச்சீப்பைப் பார்த்தார், ஒரு காயை நகத்தால் கீறி மோந்து பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார். பின்னாலிருந்து வேறொருவர் ஏற்றினார், மாமாவும் ஏற்றினார். கடைசியில் சந்தை விலைக்குக் கொஞ்சம் மேலே மாமாவுக்கே போயிற்று. பழைய ஏலங்களில் பாதிக்கும் பாதி வராது அந்த விலை. "ஒனக்கு தோட்டம் நெறைய குல கெடக்குல்லா, இது எதுக்குடே?" என்று யாரோ கேலி செய்தார்கள். "இது நல்ல குல. அதனால எடுத்தேன்" என்றார் மாமா. குலை பழுத்ததும் ஒரு சீப்பு நம் வீட்டுக்கு வந்தது. அப்பா ஒரு பழத்தை உரித்து, அந்த வாழையை நட்டு வளர்த்தவர் தான் இல்லை என்பதுபோல மெல்ல மென்று தின்றார். "எடி, உள்ளதாக்கும். நல்ல பழம்" என்றார்.

கவுண்டரில் இனி கேட்கிறவர்களுக்கு என் பதில் தயாராக இருக்கிறது. என் மகள் வாங்கினால் அது அவள் ஆசை, அதைப் பார்த்து நீங்கள் வாங்கக்கூடாது, பில்லை நீட்டுங்கள் என்பேன். உன்னை யார் என்றே தெரியாத ஒருத்தன், உன் கல்லைத் தூக்கிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, கீறிப் பார்த்து, சொந்தப் பணத்தை எடுத்து வைத்து, "இது நல்லது, அதனால எடுத்தேன்" என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு எனக்கு போன் பண்ணு மக்கா. ஆபீஸுக்கே பண்ணு. வரிசையில் எத்தனைபேர் நின்றாலும் கவுண்டரை அடைத்துவிட்டு வாறேன்.

அம்மா